தாடிக்காரர்களின் கடைசிக் கச்சேரியில் உன் இடத்தில் நின்றேன்

மகனே, ராசா, டூங்கபியின் ஒலிச் சக்கரவர்த்தியே,

மெல்பேர்ண் விமானநிலையத்தில், என் உடம்பின் அகலத்தை அறியாத எவனோ செய்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். சிட்னிக்குப் போகும் விமானம் பிந்துகிறது. பிந்தட்டும். உன் சின்னக் கறுப்புப் பெட்டி என் மடியில் இருக்கிறது. அதன்மேல் என் இடது கை இருக்கிறது. ஒரு படையே வந்து கேட்டாலும் அந்தக் கை எழும்பாது. இன்று பின்னேரம் இதை உன்னிடம் தந்துவிடுவேன். நேரே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரே சொல்லத் தொடங்கினால் உன் அம்மா குசினிக்குள் இருந்து, "கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ" என்று குரல் கொடுப்பாள். எழுத்தில் குறுக்கிட முடியாது. அதோடு இதை நம் சங்கத்துச் சஞ்சிகைக்கும் அனுப்பப்போகிறேன். நேற்று நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு விசயத்தை இனி நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதும் அறியட்டும்.

என்னை அறியாத வாசகர் சிட்னியில் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வேறு கிரகங்களில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். கிழமை நாட்களில் நான் கார் ஓட்டப் பழக்குபவன். நார்த்மீட் தொடக்கம் டூங்கபி வரை ஒழுங்காகக் கார் நிறுத்தத் தெரிந்த தமிழர் ஒவ்வொருவரும் என் குரலைக் காதில் சுமந்துகொண்டுதான் நிறுத்துகிறார்கள். சனி ஞாயிறுகளில் கல்யாணவீடு, அரங்கேற்றம், பிறந்தநாள், எதுவானாலும் மைக் என் கைக்கு வந்துவிடும். யாரும் தருவதில்லை, அதுவாக வரும். ஒருமுறை நான் வாழ்த்துரையைத் தொடங்கும்போது மணமக்கள் மண்டபத்துக்கு வந்து சேரவில்லை என்றும், முடிக்கும்போது அவர்கள் தேனிலவுக்குப் போய்விட்டார்கள் என்றும் உன் மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பொறாமை. அவர்கள் அப்போது விமானநிலையத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு நீ பிறந்தாய், பேசாத பிள்ளை. அழுவதைக்கூட மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அழுத பிள்ளை. மருத்துவமனையில் மாற்றித் தந்துவிட்டார்களோ என்று நான் கேட்டதற்கு, "மூக்கைப் பாருங்கோ, அது உங்கட சொத்துத்தான்" என்று அம்மா வழக்கை முடித்துவைத்தாள். பல்கலைக்கழகம் போன முதல் வருடம் எவனோ ஒரு சிநேகிதன் உன்னை ஒரு மதுச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே தாடிக்காரர்கள் வாசித்தார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் எனக்கு நாக்கில் நிற்பதில்லை. நம் வீட்டில் அவர்கள் தாடிக்காரர்கள்தான். மெல்பேர்ணைச் சேர்ந்த நான்கு பேர், நான்கு தாடி, சைக்கெடெலிக் ரொக் என்று ஒரு சங்கீதம். உன் அறையில் முதன்முதல் அது கேட்டபோது வோஷிங் மெசின் பழுதாகிவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். மெசின் சுகமாக இருந்தது. பாட்டுத் தொடங்கும்போது நட்ட கத்தரிக் கன்று பாட்டு முடியும்போது காய்த்துவிடும், அவ்வளவு நீளம். "இதில பாட்டு எப்ப வரும் தம்பி?" என்று கேட்டேன். "இதுதான் அப்பா பாட்டு" என்றாய். உனக்காகக் கடவுளிடம் நேர்த்தி வைத்தேன்.

பிறகு நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். அந்த மனிதர்கள் ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரேமாதிரி வாசிப்பதில்லையாம். நேற்றுச் சோகமாக வந்த பாட்டு இன்றைக்குக் கோபமாக வரும். இடையில் வழி தவறி, அவர்களே அறியாத ஓர் இடத்தில் போய் நிற்கும். அது அந்த மேடையில் பிறந்து அங்கேயே காற்றோடு போய்விடும், யாராவது பிடித்துவைக்காவிட்டால். ஆகவே இரசிகர்கள் பிடித்துவைக்கிறார்கள். உயரமான தடியில் இரண்டு மைக், ஒலியைப் பதியும் ஒரு பெட்டி, பக்கத்தில் அசையாமல் நிற்கும் ஓர் ஆள். பிடித்ததை இணையத்தில் ஏற்றி உலகத்தில் கேட்க விரும்பும் எல்லாருக்கும் சும்மா கொடுத்துவிடுகிறார்கள். தாடிக்காரர்களுக்கும் அதில் சம்மதம். விற்கக்கூடாது, வெட்டக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். இணையத்தில் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்வார்களாம். பறவை, கிரகம், காளான் என்று மற்றவர்கள் வைத்தபோது, நீ எழும்பி யன்னலால் பார்த்துவிட்டு நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரையே, 'டூங்கபி' என்று வைத்தாய். உன் கற்பனை வளம் அம்மாவழிச் சொத்து.

வெட்டக்கூடாது என்ற சட்டம் உன் எலும்புக்குள் ஊறியது என்பதை உன் மச்சாளின் கல்யாணத்தில் கண்டேன். என் வாழ்த்துரையை அந்த நல்ல மைக்கில் பதிந்து தரச்சொல்லிக் கேட்டேன், வருங்காலச் சந்ததிகளுக்காக. பதிந்தாய். எல்லாரையும் வரவேற்பறையில் இருத்திப் போட்டுக் கேட்டோம். என் குரல் சிங்கமாக வந்தது. அந்தச் சிங்கத்தின் வயிற்றுக்கு அடியில், பளிங்குபோலத் தெளிவாக, எங்கேயோ பின்வரிசையில் இருந்த ஒரு அன்ரியின் குரலும் வந்தது: "ஆரும் இந்த மனுசனுக்கு ஒரு தேத்தண்ணியைக் குடுத்து இருத்துங்கோவன், சோறு ஆறுது." உன் அம்மா சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் சரிந்தது. அதை வெட்டு என்று கட்டளையிட்டேன். "வெட்டமாட்டன் அப்பா. அதுவும் அண்டைக்கு நடந்ததுதானே" என்றாய். கோபத்தில் நான் அந்தப் பதிவை அதன்பிறகு கேட்கவேயில்லை. இப்போது கேட்கவேண்டும்போல் இருக்கிறது. அந்த அன்ரி இன்று இல்லை. அவருடைய குரல் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறதோ தெரியாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு உனக்குக் கல்யாணம். பெண் மெல்பேர்ணில் கிரெய்கிபர்னைச் சேர்ந்த துளசி. தாடிக்காரர்களுடையது எல்லாமே ஒரே பாட்டுத்தான் என்று உன் முகத்துக்கு நேரே சொன்ன வீராங்கனை. "பிறகு இவனை என்னத்துக்குப் பிள்ளை பிடிச்சது?" என்று ஒருநாள் கேட்டேன். "மாமா, நான் கதைக்கேக்க ஃபோனைப் பாக்காமல் கேக்கிற ஒரே ஆள் இவர்தான்" என்றாள். போன வியாழன் நம் வீட்டில் பொன்னுருக்கு நடந்தது. தாலிக்குரிய பொன்னை நல்ல நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் உருக்கிவிட்டால், அதன்பிறகு தாலி கட்டும்வரை மாப்பிள்ளை வீட்டோடு இருக்கவேண்டும், பெண்ணின் முகத்தில் முழிக்கக்கூடாது. நாள் வைக்கும்போது ஐயரைக் கேட்டோம், மண்டபக்காரரைக் கேட்டோம், சமையல்காரரைக் கேட்டோம். தாடிக்காரரை ஒருவார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பொன் உருகிய அன்று பின்னேரமே உன் ஃபோனில் செய்தி வந்தது.

தாடிக்காரர்களின் தலைவர், அந்தக் கிற்றார்க்காரர், காது கேட்கும் சக்தியை இழந்துகொண்டு வருகிறாராம். வைத்தியர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். ஆகவே கடைசியாக ஒரு கச்சேரி, மெல்பேர்ணில் ஒரு சின்ன மண்டபத்தில், வருகிற ஞாயிறு அல்ல, வந்த ஞாயிறு. அதாவது நேற்று. தாடிகள் நரைத்துவிட்டதால் பிற்பகலிலேயே. பல வருடங்களாக அவர்கள் தொடாத 'நீளப் பாட்டை' அன்றைக்கு வாசிப்பார்களாம். அந்தப் பாட்டுக்கு உலகத்தில் ஒரேயொரு மேடைப் பதிவுதான் உண்டு என்றும், அதில் யாரோ ஒருவன் பாட்டு முடியும்வரை தன் காரின் கியர்பொக்ஸ் மாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றும் நீ சொன்னாய். பிரேசிலில் இருக்கும் இரசிகனுக்குக்கூட அந்தக் கியர்பொக்ஸின் வரலாறு மனப்பாடமாம். இந்தமுறை வாசலில் எல்லாருடைய ஃபோனையும் உறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பதிய ஒரேயொரு ஆளுக்குத்தான் அனுமதி, ஒலிமேசைக்குப் பக்கத்தில் ஒரேயொரு தடிக்குத்தான் இடம். அனுமதி டூங்கபிக்கு. நீ போகாவிட்டால் அந்தக் கச்சேரி நடந்ததற்கு உலகத்தில் ஒரு சத்தமும் மிஞ்சாது.

நீ அம்மாவிடம் கேட்டதை நான் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு நாள்தான். போட்டு வாறன்."

"எங்க?"

"மெல்பேர்ணுக்கு."

"மெல்பேர்ணுக்கோ? பொம்பிளை இருக்கிற ஊருக்கோ? உருக்கின பொன் ஆற முந்தியோ?"

"துளசியைப் பாக்கமாட்டன் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு போறன்."

"கண்ணை மூடிக்கொண்டு போறவருக்கு அங்க என்ன அலுவல்?"

"எனக்குக் காதுதான் அம்மா வேணும்."

"ஏலாது தம்பி. இதை மட்டும் என்னட்டைக் கேக்காதை."

நீ கத்தவில்லை. கதவை அடிக்கவில்லை. "சரி அம்மா" என்றுவிட்டு, அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதுவதற்கு அறைக்குள் போனாய். நான் என் வாழ்நாளில் எத்தனையோ உரைகள் ஆற்றியிருக்கிறேன், அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் அவை எல்லாம் வெறும் பொரிகடலை. அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைத்திருக்கக்கூடும். எங்களுடைய கல்யாணத்தில் பொன்னுமில்லை, உருக்குமில்லை. போர்க்காலம். கொழும்பில் ஒரு பதிவாளர் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு பணிஸ் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிழமை விமானம் ஏறினோம். தனக்குக் கிடைக்காத ஒவ்வொரு சடங்கையும் உனக்கு ஒரு மூலைகூடக் குறையாமல் பார்க்கவேண்டும் என்று இவ்வளவு காலமும் காத்திருந்தவள் அவள். வெட்டக்கூடாது என்பதில் அவளும் உன் கட்சிதான் தம்பி. இரண்டுபேரும் ஒரே பிடிவாதத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தீர்கள்.

அந்த இடத்தில்தான் வரலாறு என்னைக் கூப்பிட்டது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பி நின்றேன். "நான் போறன்" என்றேன். வீடு அதிர்ந்தது. சுவரில் இருந்த சாமிப்படம் திரும்பிப் பார்த்தது.

"நீங்களோ?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு ஆரும் பொன்னுருக்கேல்லைத்தானே. நான் எந்த ஊருக்கும் போகலாம்."

"அப்பா, ப்ளீஸ்" என்று நீ அறைக்குள் இருந்து ஓடிவந்தாய். "மைக்குக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கக்கூடாது. ஒரு சொல்லுக்கூட."

"அதுக்கென்ன, கதைக்கமாட்டன்."

நீயும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை. அம்மா சொன்னாள், "இஞ்சருங்கோ, நீங்கள் நித்திரையிலயே கதைக்கிற ஆள்."

அடுத்த நாள் முழுவதும் எனக்குப் பயிற்சி. உலகப் போர்களுக்குப் போனவர்களுக்கும் இப்படி ஒரு பயிற்சி கிடைத்திருக்காது. வரவேற்பறையில் தடியை நட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, தாடிக்காரரின் பாட்டைப் போட்டுவிட்டு, நான் நிற்பதைப் பதிந்தாய். பிறகு அதைக் காதில் மாட்டிக் கேட்கச் செய்தாய். சட்டைப்பையில் சில்லறை கிலுங்குகிறது. நைலோன் ஜக்கெற் சரசரக்கிறது. சப்பாத்துக் கிறீச்சிடுகிறது. தொண்டை செருமுகிறது, மூக்கு உறிஞ்சுகிறது. ஒரு மனிதன் சும்மா நிற்பதற்கு இவ்வளவு சத்தம் போடுவான் என்று எனக்குத் தெரியாது. நீ ஒவ்வொன்றாகக் கழற்றினாய். சில்லறை போயிற்று, சாவி போயிற்று, ஜக்கெற் போயிற்று. பருத்திச் சேட்டும் பழைய துணிச் சப்பாத்தும் வந்தன. கடைசியாகச் சொன்னாய், "கை தட்டவும் கூடாது அப்பா. நீங்கள்தான் மைக்குக்குக் கிட்ட நிக்கிறது. நீங்கள் ஒருத்தர் தட்டினால் வெடி மாதிரி விழும், மற்ற ஆக்கள் எல்லாரும் மறைஞ்சு போயிடுவினம்." அவர்களுக்கு நான் எதற்குக் கைதட்டப்போகிறேன் என்று அப்போது சிரித்தேன்.

தம்பி, எனக்குள்ள ஒரேயொரு தொழில் இரகசியத்தை இப்போது சொல்கிறேன். மைக் என்றால் அது பேசுவதற்கு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது கேட்பதற்கும்தான் என்பதை என் வீட்டு வரவேற்பறையில், என் பிள்ளை சொல்லித்தான் அறிந்துகொண்டேன். நான் வாயாகப் பிடித்த அதே பொருளை நீ காதாகப் பிடித்திருக்கிறாய். இதை நான் எந்த மேடையிலும் சொல்லமாட்டேன், என் வியாபாரம் படுத்துவிடும்.

நேற்று மத்தியானம் பிறன்ஸ்விக்கில் அந்த மண்டபத்து வாசலில், தடியும் பெட்டியுமாக நின்றேன். வரிசையில் நின்றவர்களில் என்னைத் தவிர எல்லாரும் பூப்போட்ட சட்டை. நான் தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவன்போல இருந்திருக்கவேண்டும். வெள்ளி நரைத் தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையில் இருந்த பெட்டியை உற்றுப் பார்த்தார். அதில் நீ ஒட்டியிருக்கும் அந்தப் பச்சை நாடாவை அவர் அடையாளம் கண்டுவிட்டார்.

"இது டூங்கபியின் பெட்டி" என்றார். கள்ளனைப் பிடித்த குரல்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னேன், "நான் அவனுடைய அப்பா."

அவ்வளவுதான். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். வரிசை கலைந்தது. ஆட்கள் வந்து கை குலுக்கினார்கள். ஒருவன் என்னோடு படம் எடுத்தான். நம் டூங்கபி ரெயில் நிலையத்தில் வழி தெரியாமல் நிற்பவனுக்குக்கூடத் தெரியாத நீ, மெல்பேர்ணில் ஒரு சிற்றரசன். நான் இராசமாதாவின் புருசன்போல நிமிர்ந்து நின்றேன். என்னைக் கட்டிப்பிடித்த அந்த அம்மாவின் பெயர் மார்கரெட். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டத் தேவைப்படவில்லை.

அவருடைய கணவர் கச்சேரிக்குக் கச்சேரி போய், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அந்த நீளப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துவாராம். அவர்கள் வாசிக்கமாட்டார்களாம். இவர் விடமாட்டாராம். அவர் இறந்த பிறகு ஒருநாள் மார்கரெட் நீ பதிந்த ஒரு கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நடுவில் திடீரென்று புருசனின் குரல். அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டாராம். உனக்கு எழுதியிருக்கிறார். நீ அதற்கு ஆறுதல் வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. நீ என் பிள்ளையா? ஆனால் நீ உன்னிடம் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் முதலில் இருந்து முடிவுவரை கேட்டு, அவருடைய குரல் வரும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பியிருக்கிறாய். அதற்கு உனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்ததாம். அந்தக் காலத்தில்தான் நான், "எப்ப பார்த்தாலும் காதில மாட்டிக்கொண்டு இருக்கிறியே, ஒரு மனுசரோட கதைச்சால் என்ன?" என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடுத்த சனிக்கிழமை ஏதாவது அரங்கேற்றத்தில் மைக்கில் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஆகவே நீ சொல்லாததும் நியாயம்தான்.

கச்சேரி தொடங்கியது. நீ காட்டித்தந்தபடி தடியை உயர்த்தி, மைக்குகளைத் திருப்பி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு நின்றேன். கருங்கல் சிலைகள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டன. எச்சில் விழுங்கவேண்டி வந்தால் ட்ரம் அடிக்கும்வரை காத்திருந்து விழுங்கினேன். பிறகு அந்த நீளப் பாட்டு வந்தது. நான் சங்கீதம் அறியாதவன். ஆனால் அந்த நரைத்த மனிதர், தனக்கே இனிக் கேட்காமல் போகப்போகிற ஒரு சத்தத்தைக் கிற்றாரில் தேடித் தேடிப் போனபோது, நானும் பின்னால் போனேன். எங்கே போனோம் என்று கேட்காதே. திரும்பி வந்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் சேட்டுச் சத்தம் கேட்கும்.

பாட்டு முடிந்தது, கூரை போகாமல் தப்பியது. அப்போது அந்தத் தாடிக்காரர் மைக்குக்குக் கிட்டே வந்தார். "சிட்னியில் ஒரு பெடியன் இருக்கிறான். அவன் பேர் டூங்கபி" என்றார். "நான் வாசித்துவிட்டு நானே மறந்துபோன நாட்கள் எல்லாம் அவனிடம் இருக்கின்றன. காது முழுவதும் போகமுதல் கேட்டு முடிக்கவேண்டும் என்று இந்த வருடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் சொந்த இசைத்தட்டுகளை நான் தொடவில்லை. அவனுக்கு அடுத்த கிழமை கல்யாணமாம், மார்கரெட் சொன்னார். அவனுக்கு ஒருதரம் கை தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள், எனக்கும் கேட்கவேண்டும்."

தம்பி, அந்த மண்டபம் எழும்பியது. நிலம் குலுங்கியது. தாஸ்மேனியாவில் மாடுகள் எழும்பி நின்றிருக்கும். உனக்காக. என் பிள்ளைக்காக. நான் நின்ற இடமோ இரண்டு மைக்குக்கும் கீழே, இடது பக்கம். என் வாய் திறந்துவிட்டது. "அவன் என்ர மகன்!" என்ற சொல் தொண்டையைத் தாண்டி நாக்கின் நுனியில் வந்து நின்றது. என் வாழ்நாளில் ஆற்றிய அத்தனை உரைகளும் அந்த ஒரு வரிக்குத்தான் ஒத்திகை என்பதுபோல. கைகள் இரண்டும் தாமாக எழும்பின. பக்கத்தில் நின்ற மார்கரெட், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று என் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியால் அவராலும் தட்ட முடியவில்லை. மறுபக்கம் பச்சை குத்திய ஒரு மலை நின்றான். அவன் என் முதுகில் ஒரு அறை விட்டு, என் காதுக்குள், "என்ன ஐயா, உனக்குக் கையில்லையா? தட்டு! அந்தப் பெடியன் யாரென்று தெரியுமா உனக்கு?" என்று கேட்டான்.

யாரிடம் கேட்டான் பார்த்தாயா. நான் தலையை மட்டும் ஆட்டினேன், தெரியும் என்று. அவனுக்கு என்மேல் வெறுப்பு வந்துவிட்டது. கஞ்சன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணால் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சத்தம் முழுவதும் ஓய்ந்து கடைசி ஆள் கடைசித் தட்டுத் தட்டி முடிக்கும்வரை ஒரு மரம்போல நின்றேன்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. மார்கரெட் உன் பெட்டியில் கொஞ்சத்தைக் காதில் மாட்டிக் கேட்டார். கண்ணை மூடினார், பெருவிரலை உயர்த்தினார். அவருடைய கணவருக்குக் கடைசிவரை கிடைக்காமல் போன அந்தப் பாட்டு முழுசாக இருக்கிறது. பெட்டியை நிறுத்தினேன், பற்றரியைக் கழற்றினேன், உறைக்குள் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு ட்ராம் நிறுத்தத்தில், சனங்களுக்கு நடுவில், நின்று கைதட்டினேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன். ஒரு பிள்ளை தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தது. ட்ராம் வந்து, நின்று, சாரதி என்னைப் பார்த்து, தன்னைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மார்கரெட்டும் சேர்ந்து தட்டினார். அடுத்த ட்ராமையும் விட்டுவிட்டோம்.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். ஆகவே சொல்கிறேன், சுருக்கமாக, அதிசயம்தான். துளசி கதைக்கும்போது இப்போது கேட்பதுபோலவே எப்போதும் கேள். அவள் சொல்வதில் உனக்குப் பிடிக்காத இடமும் வரும், அதை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதே. உன் அம்மாவிடம் சொன்ன அந்த "சரி அம்மா"வை அவளிடமும் சில நாள் சொல்லு, ஆனால் எல்லா நாளும் சொல்லாதே, அவளுக்குச் சந்தேகம் வரும். அவளை நான் பார்க்கவில்லை. ஃபோனில், "மாமா, என்ர பங்குக்கும் கேட்டிட்டு வாங்கோ, ஆனால் எனக்குப் போட்டுக் காட்டச் சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். சம்பந்தி கிரெய்கிபர்னில் இருந்து ரோல்ஸ் கட்டிக் கொண்டுவந்து தந்தார். அதில் உனக்கு என்று வைத்ததை நான் சாப்பிட்டுவிட்டேன்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இன்று நீ வீட்டில் அடைபட்டுக் கிடந்து இதைக் கேட்பாய். அந்த நீளப் பாட்டு முடிந்து, தாடிக்காரர் உன் பெயரைச் சொல்லி, மண்டபம் வெடிக்கிற இடம் வரும். தூரத்தில் இருப்பவர்கள் தட்டுவது கேட்கும், கத்துவது கேட்கும், அந்த மலை என் முதுகில் விட்ட அறைகூடக் கேட்கக்கூடும். மைக்குக்கு மிகக் கிட்டே, இடது பக்கம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு வெறுமை இருக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அது பிடிபடாது. உன் காதுக்குப் பிடிபடும். அது நான்தான்.

உன் அப்பா